ஏலத்தில் நான் போட்ட சலாம்

சீமைக்குத் திரும்பும் எங்கள் துரையின் பழைய கார் இன்று நுவரெலியாவில் ஏலத்துக்கு வந்தது.

எண்ணூறு ரூபாய்க்கு மேல் கேட்பதில்லை என்று ஏலம் எடுக்க வந்த கார் வியாபாரிகள் இருவரும் வாசலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். ஏலமும் எண்ணூறில் நின்றது.

அந்த நேரம் பார்த்துத் துரை என் பக்கம் திரும்பினார். நான் அவருடைய டிரைவர். பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிச் சலாம் போட்டேன்.

"எண்ணூற்றைம்பது" என்றார் ஏலக்காரர்.

மாதச் சம்பளமே நூறைத் தாண்டாதவன் நான்.

ஒரு வியாபாரி மற்றவரிடம் சொன்னார்: "ஓட்டுறவனே கேக்குறான்னா, வண்டி நல்ல வண்டிதாங்க."

அவ்வளவுதான், வாசலில் பேசி வைத்த பேச்சு முறிந்தது; இருவரும் போட்டி போட்டுக் கேட்டார்கள். கார் ஆயிரத்து இருநூறுக்குப் போனது.

நாளை துரையின் பியானோ ஏலம். என்னை முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார். துணைக்கு யார் வருகிறீர்கள்? கையை மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள்.