பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கார்

போன வாரம் ஒரு சாயங்காலம். நாலு வீடு தள்ளியிருக்கிற சிங்காரவேலு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் கவலை. மகளுக்கு மெட்ராஸில் ஒரு வரன் வந்திருக்கிறதாம். வீட்டோடு கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"சார், நீங்கதான் சொல்லணும். ரயிலா, பஸ்ஸா, காரா?"

என்னிடம் ஏன் கேட்கிறார்? காரணம் உண்டு. எப்போதோ இந்தப் பத்தியில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்டதைப் பற்றி எழுதித் தொலைத்திருந்தேன். அதிலிருந்து வில்லியனூரில் நான் போக்குவரத்து நிபுணன். மூட்டைப்பூச்சி பற்றி எழுதிய மறுநாள் இரண்டு பேர் மருந்து கேட்டு வந்தார்கள். பத்தி எழுதுகிறவனின் விதி அப்படி.

சிங்காரவேலு விஷயத்தை ஏற்கெனவே நன்றாக அலசி வைத்திருந்தார். ரயில் என்றால் நம்மூர் ஸ்டேஷனிலேயே ஏறலாம். ஆனால் விழுப்புரத்தில் இறங்கி, மாறி, அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் குந்திக்கொண்டிருக்க வேண்டும். பஸ் என்றால் இப்போதெல்லாம் வீடியோ கோச். போய்ச் சேரும்போது கால் மரத்திருக்கும், காது அதற்கு முன்பே மரத்திருக்கும். கார் என்றால் மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் அம்பாஸடர் இருக்கிறது.

"பஸ்ஸில் போங்க" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். கார் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருக்கிறார். "கார்ல போய் எறங்கினா ஒரு கௌரவம் இல்லியா சார்?"

இருக்கிறது. எதில் போய் இறங்குகிறோம் என்பதை எதிரே நிற்கிறவர்கள் படிக்கிறார்கள். நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே படித்து முடித்துவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான்... ஆனால் இதை வாசலில் நின்றுகொண்டு, பெண் பார்க்கிற வயதில் மகளை வைத்திருக்கிறவரிடம் சொல்ல முடியுமா? உட்கார்ந்து எழுதத்தான் முடியும்.

என் அக்கா பெயர் ஆரோக்கியம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பெயரை எழுதிக்கொண்ட நர்ஸ் ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நானும் அப்போது குனிந்துகொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வயிற்றில் கட்டி. அக்காவிடம் "அல்சர்" என்று சொல்லி வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் எல்லாக் குடும்பங்களும் சொன்ன பொய் அது. டாக்டரும் உடந்தை. ஒரு நாள் அவர் என்னையும் மாமாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர் சவரிமுத்து; மூன்று காணி கரும்பு, ஒரு ஜோடி மாடு, மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அதிகம் பேசாத மனுஷர். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள்.

பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று மாமாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, சிங்காரவேலுவின் கேள்வி எங்களுக்கு வந்துவிட்டது. எதில் அழைத்துப் போவது?

ரயிலில் படுக்க வைக்கலாம். ஆனால் விழுப்புரத்தில் மேம்பாலம் ஏற வேண்டும். பஸ்ஸில் மேம்பாலம் கிடையாது. ஆனால் திண்டிவனம் வரை ரோடே கிடையாது. நான் நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? சாதகம், பாதகம் எல்லாம் பிரித்து மாமாவுக்கு விளக்கினேன். கார்தான் சரி. பின்சீட்டில் மெத்தை போட்டு, தலையணை வைத்து, நோகாமல் கொண்டுபோய்விடலாம். மாமா தலையாட்டினார். இன்றைக்கு யோசித்தாலும் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சரியான தீர்மானம்.

ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். அக்கா வீடு இருந்த எங்கள் சொந்த ஊரை.

அரியூருக்குப் பக்கத்தில், விழுப்புரம் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற சின்ன ஊர் அது. ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி வேதக்காரத் தெரு, அப்பால் மற்றத் தெருக்கள். அங்கே டாக்ஸி வந்து நிற்பதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று கல்யாண ஜோடி. இரண்டாவது, மெட்ராஸ் ஆஸ்பத்திரி கைவிட்ட கேஸ். குணமானவர்கள் பஸ்ஸில் வருவார்கள் - கையில் பையோடு, ரொட்டிப் பொட்டலத்தோடு, மூத்திரப் பரிசோதனை வரைக்கும் எல்லாக் கதையும் சொல்லிக்கொண்டே நடந்து வருவார்கள். காரில் வந்தவர்கள் யாரும் திரும்ப பஸ் ஏறினதில்லை.

இது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கார் தெருவில் திரும்பியதுமே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கிற உபதேசியார், சாமியாரை எப்போது அழைத்து வரட்டும், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்கணுமே என்று மெதுவாக விசாரிப்பார். நோயாளி உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் காரைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"டாக்ஸியாடா?"

நீ படுத்துக்கொண்டு வரலாம் என்றுதான் என்றேன். அவள் மெத்தையைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏறிக்கொண்டாள். படுக்கவில்லை. திண்டிவனம் வரை உட்கார்ந்தே வந்தாள். டிரைவர் மெட்ராஸ்காரர், பேச்சுப் பிரியர். அவர்கூட கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்.

புதுச்சேரி எல்லையில் செக்போஸ்ட். சும்மாவே டிக்கியைத் திறக்கச் சொல்கிற ஆட்கள். ஒருவர் ஜன்னலில் குனிந்து எட்டிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் கையசைத்து, போகச் சொல்லிவிட்டார்.

கார் நகர்ந்ததும் அக்கா சிரித்தாள். "பாத்தியா, அந்த ஆளுக்கே தெரிஞ்சிபோச்சி. நீங்க ரெண்டு பேரும் என்னாண்ட அல்சருன்னு சொல்லிகினு இருக்கீங்க."

மாமா முன்சீட்டில் இருந்தார். திரும்பவே இல்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவளே சொன்னாள். எங்கள் தெருவில் லூர்துசாமி என்று ஒரு தச்சர் இருந்தார். அவரை இப்படித்தான் காரில் கொண்டுவந்தார்கள். முதலில் ஓடிப்போய் அழுதது அக்காதான்.

"கட்டிலாண்ட நின்னு மார்ல அடிச்சிகினு அழுவுறேன்டா. அவரு கண்ணத் தொறந்து பாத்தாரு. கோவமா இல்ல... ஏம்மா, நான் இன்னும் கீறேனேன்ற மாரி. அப்புறம் இருவது நாளு உசுரோட இருந்தாரு. ஒருத்தராவது அவருகிட்ட ஒரு ஊர் நாயம் பேசனோமா? வந்தவங்கள்லாம் அழுதுட்டுப் போனாங்க. நானுந்தான்."

கொஞ்ச தூரம் போனபின், "எனக்கு அது வேணாம்டா" என்றாள்.

புதுச்சேரியைத் தாண்டி வில்லியனூர் வந்தோம். மாதா கோயிலாண்டை நிறுத்தச் சொன்னாள். ஜெபம் பண்ணத்தான் என்று நினைத்தோம். பண்ணினாள். கார்க் கதவைப் பிடித்து நின்றுகொண்டு சேலைக் கொசுவத்தைச் சரி செய்தாள். தலையைக் கோதிக்கொண்டாள். பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள், இங்கிருந்து பஸ்ஸில் போவதாக.

மாமா முடியாது என்றார். நான் முடியாது என்றேன். டிரைவர்கூட, "வாணாம்மா, நான் மெதுவா ஓட்டிகினு போறேன்" என்றார். அக்கா பையோடு திரும்பினாள். மார்க்கெட் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள் - கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல.

ஆகவே புதிய ஏற்பாடு. நான் அவளோடு பஸ்ஸில் போவது. மாமா காரை அங்கேயே அனுப்பிவிட்டு, மெத்தை தலையணையைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவது. யாராவது கேட்டால், அல்சர், சரியாகிவிட்டது. மாமா தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுஷர் என்று முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் கூட்டம். அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன்சீட்டில் இருந்து ஒரு தலை திரும்பியது. எங்கள் தெரு லில்லி. மடியில் கத்தரிக்காய்க் கூடை.

"இன்னாக்கா, மெட்ராஸ்லேர்ந்தா? அநியாயத்துக்கு எளச்சிட்டியே!"

"ஆஸ்பத்திரி சோறு துன்னு பாரு, நீயும் எளைப்ப. நீ கொஞ்சம் எளைச்சா நல்லதுதான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லில்லிக்கு ரோஷம். அக்கா விடவில்லை. ஊரில் இல்லாத இத்தனை நாளும் தன் கோழி லில்லி வீட்டு வைக்கோல் போரில் முட்டை போட்டிருக்கும், அந்த முட்டையெல்லாம் எங்கே என்று கேட்டாள். உன் கோழியை நான் கண்ணாலும் பார்க்கவில்லை என்றாள் லில்லி. கண்ணால் பார்க்க மாட்டாய், வாயால் பார்த்திருப்பாய் என்றாள் அக்கா. மாதா மேல் சத்தியம் என்றாள் லில்லி. மாதாவை முட்டைக்கெல்லாம் இழுக்காதே என்றாள் அக்கா. பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அக்காவின் கையைப் பார்த்தேன். சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். விரல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. முகம் மட்டும் பூரித்திருந்தது. ஒரு மாதமாக அவளோடு யாரும் சண்டை போட்டிருக்கவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. என் தோளைத் தொடாமல் இறங்கினாள். ஆலமரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரோ, "ஆரோக்கியம் வந்துட்டாம்பா" என்றார்கள். எப்படி இருக்கே, ஒழுங்காயிட்டியா என்று நாலைந்து குரல். "நல்லாயிட்டேன்பா, அல்சரு" என்றாள் அக்கா. லில்லி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முட்டைக் கணக்கை ஊரார் முன்னால் இன்னொரு தடவை ஆரம்பித்தாள்.

பஸ் கிளம்பிப் போனது.

பஸ் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. மெட்ராஸ் நம்பர். பின்கதவுக் கண்ணாடியில் மெத்தையின் கோடு தெரிந்தது, தலையணையின் வெள்ளை தெரிந்தது. முன்கதவைத் திறந்துகொண்டு மாமா இறங்கினார். கையில் ஃப்ளாஸ்க்.

பிறகுதான் டிரைவர் எனக்குச் சொன்னார். மாமாவால் இருப்புக்கொள்ள முடியவில்லையாம். வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது, விடாமல் பின்னாலேயே போப்பா என்றாராம்.

லில்லியின் பேச்சு நடுவில் நின்றது. அவள் காரைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்... அந்தச் செக்போஸ்ட் ஆள் பார்த்த அதே பார்வை. ஆலமரத்தடியில் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாய்யா" என்றாள். "பஸ்ஸுல உனக்கு எடம் கெடைக்கலியா?"

மாமா ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினார். பாதி கீழே போனது. மீதியை அக்கா வாங்கிக் குடித்தாள். அதன் பிறகு காரிலேயே ஏறிக்கொண்டாள். மிச்ச தூரம் நடந்து யாருக்குக் காட்ட வேண்டும்?

அன்று சாயங்காலமே உபதேசியார் வந்தார். பெண்கள் வந்தார்கள். லில்லியும் வந்தாள். கையில் ஒரு ஓலைவட்டி நிறைய முட்டை. கட்டில் காலடியில் வைத்துவிட்டு, "எல்லாம் உன் கோழிதுதான்க்கா" என்று ஓவென்று அழுதாள்.

அக்கா முட்டையைப் பார்த்தாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எடுத்துகினு போடி" என்றாள். "உன் வூட்லதான் போட்டுச்சி, உன்துன்னு சொல்லுடி."

லில்லி அப்படிச் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிகிறவரை அக்கா இருந்தாள். அதற்குள் ஊரே வந்து போனது. எல்லோரும் அவள் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். மாமா அதற்கப்புறம் ரொம்ப நாள் இருந்தார். காரில் ஏறவில்லை. கல்யாண வண்டி என்றாலும் நடந்தே வருவார்.

நாங்கள் இருவரும் அவளை நோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றுதான் நினைத்தோம். பிரியத்தில் செய்கிற காரியத்துக்கு முன்னால் யோசனை என்ற ஒன்று வந்து நிற்பதே இல்லை போலிருக்கிறது. பின்னாலேயே போப்பா என்று சொல்லிவிடுகிறோம்.

சிங்காரவேலு கடைசியில் காரில்தான் போனார். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கே வந்து கதவைத் திறந்துவிட்டார்களாம். நல்ல சகுனம் என்கிறார். இருக்கட்டும், நல்லபடியாக நடக்கட்டும்.

நான் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறேன். இறங்கினதும் ஒரு தடவை திரும்பி, பின்னால் எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.