அண்ணனும் பிரீவீல் இல்லாத சைக்கிளும்

அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், லைன் வீட்டுக்காரர்களுக்கும், கம்பெனித் தோழர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டாக நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "நல்லா தேறி வந்த மனுசனை அந்த சைக்கிள்தான் கொன்னுட்டு" என்கிறீர்கள். அதைக் கொடுத்த சைக்கிள் கடைக்காரரை, அண்ணனைத் தூக்கிய அன்று பந்தலுக்குள் விடவில்லை. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், மழையை நம்பி உழுகிற ஒரு கரிசல் ஊரில். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் நானுமாகத் திருப்பூர் வந்து இறங்கினார். பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, ஓவர்லாக் டெய்லர் ஆனார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என் வீட்டுக்காரர் விட்டுப் போன பிறகு, ஒரு கேள்வி கேட்காமல் என்னை மறுபடி அழைத்துவந்து சோறு போட்டார். அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "மொதல்ல இவ ஒழுங்கா சோறு வடிக்கட்டும், பெறகு பாப்போம்" என்பார். கம்பெனியில் புதுப் பிள்ளைகள் விரலில் ஊசி ஏறி அழுதால், தன் மிஷினை நிறுத்திவிட்டுப் போய்த் துணி சுற்றிவிடுவார்.

அண்ணன் போவதற்கு முந்தின ஆடியில் அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை ஓரளவு திரும்பியது. கால் திரும்பவில்லை. வலது கால் இருந்தால் மிஷினை மிதித்துவிடலாம், ஆனால் மிஷின் வரைக்கும் போவதுதான் பெரும்பாடு. டவுன் பஸ்ஸுக்குப் படி உயரம். கம்பெனி வேன் டிரைவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "அண்ணா, நீங்க ஏறி முடிக்கறதுக்குள்ள எனக்கு அடுத்த டிரிப்பே போயிருதுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணன் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், பத்து நாள் சரியாக எழவில்லை. அந்த முதுகைப் பார்த்த பயம் எனக்குப் பிறகு போகவே இல்லை.

அவரை எழுப்பியவர் சைக்கிள் கடைக்காரர். திருவிழாவில் கீழே இறங்காமல் நாள் கணக்காகச் சைக்கிள் விடுகிறவர் ஒருவர் விட்டுப்போன பழைய வண்டி அவர் கடையில் கிடந்தது. "இதுக்கு பிரீவீல் கெடையாதுங்க அம்மிணி. சக்கரம் சுத்தற வரைக்கும் மிதியும் சுத்தும். உங்கண்ணன் எடது காலு சும்மா இருந்தாலும் அதையும் இழுத்துட்டுப் போயிரும். பனியில ரிம்மு நனைஞ்சு பிரேக் புடிக்கலீன்னாலும், மிதியை எதுத்து அமுக்குனா நின்னுரும்" என்றார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். ஐப்பசி முழுக்க அவர்கள் இருவரும் அந்த வண்டியோடுதான். துருவைச் சுரண்டி, ரிம் கோட்டம் எடுத்து, ஹப்பில் கிரீஸ் திணித்து, சேறு தெறிக்காமல் மட்கார்டை இறக்கி, பனிக்கு டைனமோ லைட் மாட்டி, சீட்டைத் தாழ்த்தினார்கள். இடது பாதம் மிதியில் நிற்கவில்லை. ஜட்டிக்கு வைக்கும் இடுப்பு எலாஸ்டிக்கை நாலு மடிப்பாக்கி, பாதத்தை மிதியோடு கட்டிவைக்க அண்ணனே ஒரு வார் தைத்தார்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்களா?" என்றார் கடைக்காரர்.

"கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ்தான். காலும் செகண்ட்ஸ்தான, அது போதும்" என்றார் அண்ணன்.

முதல் நாள், பழக்க தோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் காலைத் தூக்கிப் போட்டது. வேலி ஓரம் விழுந்து கிடந்தபடி, "ஏட்டி, இது நம்ம சூப்பர்வைசரை விட மோசம்ட்டி. நிக்கவே விடமாட்டேங்கு" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

கார்த்திகையில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கம்பெனி போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, "ஏனுங்ணா, நீங்க வண்டியை ஓட்டறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதுங்களா?" என்று கேட்பார். "இப்போதைக்கு அதுதான் ஓட்டுது. பங்குனிக்குள்ள நான் ஓட்டுவேன்" என்பார் அண்ணன்.

மார்கழிப் பனி இறங்கியதும், விடியலில் அந்த இடது கால் கட்டை மாதிரி ஆகிவிடும். "கால் வெறச்சுக் கெடக்குட்டி" என்பார். "பனிதாண்ணே, மிதிச்சா சூடாயிரும்" என்பேன். தினமும் அவர் அதைச் சொல்வதும் நான் இதைச் சொல்வதும்தான். மிதித்துப் போனால் உண்மையிலேயே சரியாகிவிடும்.

கடைசி நாள் காலையில் வழியில் நடந்ததை டீக்கடை அக்கா சொல்லித்தான் தெரியும். "பனிக்குள்ள லைட்டு வந்துச்சுங்க. வாங்கண்ணான்னேன். பேசலீங்க. காலு ரெண்டும் சுத்திட்டுத்தான் இருந்துச்சு. எறக்கம் தாண்டுனதும் அப்படியே ஹேண்டில்பார் மேல கவுந்துட்டாருங்க." வாரைக் கத்தியால் அறுத்து அண்ணன் காலை மிதியிலிருந்து விடுவித்தவர் அவர்தான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அண்ணன் போய்விட்டார். "மறுபடியும் வாதம் வந்திருக்கு. வண்டியில ஏறும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். வீட்ல எதுவும் சொன்னாராம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

சொன்னார். அடுப்படியில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "வலது காலும் வெறச்சுக் கெடக்குட்டி. இன்னைக்கு லீவு போட்டுரட்டா?" என்றார். தினமும் சொல்வதுதான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் படுத்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்கிற பயம் வேறு. "பனிதாண்ணே, மிதிச்சா சூடாயிரும்" என்றேன். பாதத்தை வாருக்குள் நுழைத்து இறுக்கிவிட்டதும் நான்தான். டாக்டர் கேட்டுவிட்டுப் போன பிறகு, வராந்தாவில் நின்றபோதுதான் அந்த ‘வலது காலும்’ என் காதில் விழுந்தது.

அண்ணனை மடியில் தாங்கிய டீக்கடை அக்காவுக்கும், ஆட்டோவைப் பிடித்து வந்தவர்களுக்கும், வாடகை வீட்டில் உடலைக் கிடத்தக் கூடாது என்று சொல்லாத வீட்டுக்காரம்மாவுக்கும், மிஷினை நிறுத்திவிட்டு வந்த கம்பெனிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சைக்கிள் கடைக்காரர் அன்று பூமாலையோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். "என்ற கையாலயே மாட்டிக் குடுத்தனே அம்மிணி" என்று அழுதார். "உங்க மேல தப்பு இல்லைங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் அவரை ஏச ஏச, என்னை யாரும் கேட்கவில்லை என்று ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த மலரை அச்சகத்திலிருந்து வாங்கியதும், முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் இங்கே வந்திருந்தால், எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வராமல் இருந்தால், அதற்கும் நான்தான் காரணம்.