அரபு மட்டும் தெரிந்த கணினி

சவூதியில் வேலை செய்த என் கணவர், எனக்குக் கணினி வாங்கி அனுப்பக் கடையில் நின்றபடி போனில் கேட்டார். "உள்ளுக்க போட்டிரிக்கிற சிஸ்டம் ரெண்டு மாதிரியாம். ஒண்டு அரபு மட்டும், மாத்த ஏலாதாம். மத்தது எந்தப் பாஷைக்கும் மாத்தலாம், வரச் சுணங்குமாம். எத எடுக்கட்டும்?"

என் பட்டப்படிப்பின் கடைசிச் சோதனை சில வாரங்களில் இணையத்தில் நடக்கவிருந்தது. "கடையில இரிக்கிறத எடுங்க" என்றேன்.

சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுவதால் அரபு எழுத்து எனக்குத் தெரியும். பொருள் தெரியாது.

சோதனையின் நடுவில் சிறு பெட்டியொன்று திரையை மறைத்தது. அதை விலக்க நினைத்து எதையோ அழுத்தினேன். திரை நீலமாகி, இரண்டு வரி அரபு வந்து நின்றது. பதறிப்போய்க் கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடி போட்டபோதும் அதே வரிகள். மீண்டும் அணைத்தேன்.

பிறகுதான் மத்ரஸாவில் படிப்பிக்கும் பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் போன் எடுத்து, அந்த வரிகளை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க தங்கச்சி."

வாசித்தேன்.

"சிஸ்டத்தப் புதுப்பிச்சிக்கிட்டு இரிக்காம். முடியுமட்டும் நிப்பாட்டிப்போட வேணாமாம்" என்றார் ராத்தா.

கணினியைப் போட்டுவிட்டு, கைவைக்காமல் காத்திருந்தேன். கணினி வேலை செய்யத் தொடங்கியபோது சோதனை நேரம் முடிந்திருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கணவர் அழைத்தார். "சோதனை நல்லமா? கம்பியூட்டர் நல்லா வேல செய்யிதா?"

"ஓம், நல்லா வேல செய்யிது. சோதனைக்குள்ள கரண்ட்தான் போயிட்டு" என்றேன்.