இருசப்பனின் வால்வு மாலை

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற சாலையில், கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில் இருசப்பனின் மெக்கானிக் கொட்டகை இருக்கிறது. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவேண்டிய இடத்தில் ஒரு கம்பி வளையம் தொங்கும். அதில் கோத்திருப்பவை தெர்மோஸ்டாட் வால்வுகள். சுற்றுவட்டாரத்துக் கார்களிலிருந்து இருசப்பன் பிடுங்கியவை. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்த கையோடு அந்த மாலைக்கும் சந்தனம் தடவுவார். பக்கத்துக் கொட்டகையில் பேட்டரி வேலை பார்க்கிற எனக்குச் சுண்டலில் பங்கு உண்டு என்பதால் நான் ஒன்றும் சொன்னதில்லை.

வால்வின் வேலை எளிது. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும், சூடானதும் திறந்துவிடும். நம் ஊர் எஞ்சினைச் சூடாக்க ஆள் வைக்கத் தேவையில்லை என்பது இருசப்பனின் கட்சி. எந்த வண்டி வந்தாலும், ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தாலும்கூட, முதலில் அதைக் கழற்றுவார். அடுத்து எஞ்சினின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாயை வெட்டி ஒட்டுப்போட்டு, ஹீட்டர் பக்கம் தண்ணீரே போகாமல் செய்துவிடுவார். "இங்க எவன் குளிர்காயப் போறான்?" என்பார். முப்பது வருடமாக அவர் கைபட்ட வண்டி எதுவும் வழியில் ஆவி கக்கி நின்றதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

அவர் மனைவி சின்னப்பிள்ளையின் தங்கை உஷாராணி. நெட்டப்பாக்கத்துப் பெண், வங்கியில் அதிகாரி. அவளுக்கு லடாக்கில் உள்ள லே நகரத்துக்கு மாற்றல் வந்தது. தை மாதத்தில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் போகும். தங்கப்போகிற வீட்டுக்கும் வங்கிக்கும் நடுவே ஆளில்லாத மலைச்சாலை. கார் இல்லாமல் முடியாது. மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும் என்பதால் ஜூன் மாதமே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஆகவே அக்னி நட்சத்திரம் முடிந்தும் தணியாத வெயிலில், முதுகில் வேர்வை வழிய, பனிக்கு வண்டி தயார் செய்ய உட்கார்ந்தோம்.

"மாமா, நடுவழியில வண்டி நின்னு ஹீட்டரும் இல்லன்னா, காலையில என்னைய மீனாட்டம் ஐஸ்லேர்ந்துதான் எடுப்பாங்க" என்றாள் உஷாராணி.

"உன்ன எவன்டி வாங்குவான்? முள்ளுதான் இருக்கும்."

"உங்களப் போட்டா தொப்பையே ரெண்டு பெட்டி வரும்."

சிரித்தாளே தவிர, பயம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. தனியாக ஓட்டப் போகிறவள் அவள்தான்.

ரேடியேட்டரில் இருந்த போர் தண்ணீரை இறக்கினோம். டீ நிறத்தில் வந்தது. தண்ணீரை உறையவிடாத கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றினோம். குளிரில் கெட்டியாகாத மெல்லிய எஞ்சின் ஆயிலை இருசப்பன் மாற்றினார். நான் பெரிய பேட்டரி வைத்து, டீசலைச் சூடேற்றிப் பற்றவைக்கிற க்ளோ பிளக்குகளைப் பார்த்து, செத்துப்போன ஒன்றை மாற்றினேன். தான் வெட்டிய ஹீட்டர் குழாயை முணுமுணுத்துக்கொண்டே இருசப்பன் மறுபடி இணைத்தார். அதே காரிலிருந்து எப்போதோ பிடுங்கிய வால்வைப் பற்றி அவருக்கு நினைப்பே வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அது காரின் உறுப்பே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

"டெஸ்ட் பண்ணாம வண்டிய வுட மாட்டேன்" என்று வேறு அறிவித்துவிட்டார்.

அரியாங்குப்பத்தில் மணிவண்ணனுக்கு இறால் வைக்கிற குளிர்சாதனக் கிடங்கு உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. காலியாக இருந்த அறையைக் குளிரவைக்கத் தொடங்கியிருந்தார். அவர் காரின் வால்வும் இருசப்பனின் மாலையில் இருப்பதால், அந்த உரிமையில் கேட்டு, சாயங்காலம் காரை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு வந்தோம்.

காலையில் போனோம். உள்ளே புகை தங்கினால் ஆள் காலி என்பதால் சைலன்சரில் ஒரு நீளக் குழாயை மாட்டி வெளியே விட்டு, கதவையும் திறந்து வைத்தோம். இருசப்பன் லுங்கியின் மேல் மனைவியின் ஸ்வெட்டரும், தலையில் சபரிமலைக்குப் போட்டுக்கொண்ட குரங்குக் குல்லாவுமாக வந்திருந்தார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ அலங்காரம் பண்ணல மாமா" என்று உஷாராணி சாவியைத் திருகினாள். இரண்டாம் முயற்சியில் எஞ்சின் பிடித்தது. இருசப்பன் லுங்கியைத் தூக்கிப் பிடித்து இரண்டு ஸ்டெப் ஆடினார்.

அவள் ஹீட்டரைப் போட்டாள். "காத்து ஜில்லுன்னு வருது மாமா."

"இப்பதானே ஸ்டார்ட் ஆச்சி. அடுப்புல தண்ணி வச்சாகூட நேரம் ஆவும்."

காத்திருந்தோம். அவர் பல் தந்தியடிக்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது. ஹீட்டரில் இன்னும் பனிக்காற்றுதான் வந்தது.

"அண்ணே, எஞ்சின் சூடு காட்டற முள்ளு எழவே இல்ல" என்றேன்.

"எழாது வீரமணி. என் கை பட்ட எஞ்சின் சூடாவாது. முப்பது வருஷமா அதான்டா என் பேரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. குல்லாவை இறக்கி நெற்றியை மூடிக்கொண்டார்.

உஷாராணி ஹீட்டரை அணைத்தாள். "மாமா, அந்த மாலையில என்னோடது எது?"

அவருக்குத் தெரியவில்லை. புதிது வாங்கப் புதுச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் இருசப்பனைப் பார்த்துச் சிரித்தார். "இத ஸ்டாக்கே வைக்கறதில்லண்ணா. உங்க பக்கத்துலேர்ந்து எவன் கேட்டு வரான்? எல்லாத்தயும்தான் நீங்க புடுங்கிப் போட்டுடறீங்களே." வரவழைக்கப் பத்து நாள் ஆகுமாம். அவள் திங்கட்கிழமை கிளம்பவேண்டும்.

வேறு வழியில்லாமல் மாலையை இறக்கினார். அவள் வண்டியில் பொருந்துகிற வால்வுகள் கொஞ்சம்தான் இருந்தன. நான் பால் சொசைட்டியில் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வந்தேன். சின்னப்பிள்ளையின் ரசச் சட்டியில் தண்ணீர் கொதிக்க, ஒவ்வொன்றாக நூலில் கட்டி இறக்கினார். ஒன்று பச்சைத் தண்ணீரிலேயே வாய் பிளந்து கிடந்தது. ஒன்று கொதித்த பிறகும் திறக்கவில்லை. சந்தனம் கரைந்து மேலே மிதந்தது.

"எவன் எவன் காரு அழுக்கோ எங்க வூட்டு ரசச்சட்டியில வேவுது" என்றாள் சின்னப்பிள்ளை.

குங்குமம் அப்பியிருந்த ஒன்று, மேலே பொறித்திருந்தபடியே எண்பத்திரண்டு டிகிரியில் திறந்து, ஆறியதும் ஒழுங்காக மூடியது. அவர் அதை இன்னும் மூன்று முறை வேகவைத்துப் பார்த்த பிறகே வண்டியில் போட்டார். பாகூர் வரை ஓட்டியபோது முள் பாதிக்கு ஏறி அப்படியே நின்றது. இருசப்பனுக்கு அந்தக் காட்சி பழக்கமில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோல பானட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

குளிரில் மறுபடி சோதிக்க முடியவில்லை. படகுகள் கடலுக்குப் போய்விட்டன. "எறா பக்கத்துல டீசல் நாத்தம் அடிச்சா எவன்பா வாங்குவான்?" என்று மணிவண்ணன் கையை விரித்துவிட்டார். ரசச் சட்டியை நம்பித்தான் உஷாராணி போனாள்.

மார்கழி பிறந்ததும் இருசப்பன் காலையில் செய்தி பார்க்கத் தொடங்கினார். வானிலை சொல்லும்போது மட்டும் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். தை மாதத்தில் ஒரு நாள் கொட்டகையில் இருந்தபோது வீடியோ கால் வந்தது. வங்கி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

"மாமா, இது வூட்டுலேர்ந்து கெளம்பறப்ப எடுத்தது" என்று ஒரு படம் அனுப்பினாள். அக்கா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் பாட்டில். உள்ளே எண்ணெய் மெழுகுவர்த்தியாக உறைந்திருந்தது. "வழி பூரா ஹீட்டர் காத்துல வச்சிருந்தேன். இப்ப பாருங்க." அதே பாட்டிலைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டினாள். எண்ணெய் தளும்பியது.

இருசப்பன் போனைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "அடியில கொஞ்சம் உருகலடி" என்றார். பிறகு முகத்தைத் துடைக்கிற சாக்கில் லுங்கி முனையைத் தூக்கினார்.

மறுநாள் ஒரு விவசாயி, பாக்யராஜ் என்பவர், ஹாரன் ரிப்பேருக்குக் காரைக் கொண்டுவந்தார். இருசப்பன் பானட்டைத் திறந்தார். ஸ்பேனரை எடுத்தவர், கையை நிறுத்தினார்.

"இந்த வண்டிய லடாக் பக்கம் ஓட்டற எண்ணம் எதனா இருக்காபா?"

"மடுகரைக்குப் போறதே பெரும்பாடு. இன்னாண்ணே கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வால்வைப் பிடுங்கினார்.