சாவி திருப்பும் முன்

ஷுக்ரி பொய்யே சொல்லாத ஆள் என்று பதுளையில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். வண்டி விட்டுப்போன எத்தனையோ பேரிடம் "நாளைக்கு ரெடி" என்று வாய் கூசாமல் சொன்ன மெக்கானிக் அவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எத்தனை தரம் கேட்டாலும் மணி மாறாது, சொல் மாறாது. இப்படித்தான் நடந்தது என்பான்.

1981 நவம்பர். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மனேஜர் தொரைக்கு ஒரு ஜப்பான் கார் இருந்தது. அதன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. மூன்று முனை கொண்ட இரும்புக் கட்டை உள்ளே சுழலும். அதன் மூன்று பக்கங்களும் மாறி மாறிக் காற்றை அமுக்கும். ஷுக்ரிக்குத் தெரிந்த எந்த மெக்கானிக் பாஸும் அப்படி ஒன்றைத் திறந்ததில்லை. அவன் திறந்தான். ஜப்பான் எழுத்துப் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்துப் புதுச் சாமான் போட்டான். பதினோரு நாளில் பூட்டியும் விட்டான்.

அன்று காலை காரை அவனே தோட்டத்துக்கு ஓட்டிப் போனான். ஏற்றத்தில் இழுவை குறைந்தது. புது எஞ்சின்தானே, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தான். தோட்டத்துக் கராஜில் நிறுத்தினான். பிறகு அது ஸ்டார்ட் ஆகவில்லை.

பகல் முழுக்க முட்டி மோதினான். பின்னேரம் மூன்றரைக்கு டிரைவர் நல்லையா தன் மனைவி ஜெயலெட்சுமியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று நாளாக மூச்சிழுப்பு, கொத்தமல்லித் தண்ணிக்கு அடங்கவில்லை. இருட்டுமுன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாங்காது என்று தோட்டத்து மருந்தையா துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். லயத்தில் குடியிருக்கும் ஆட்களை ஏற்றுகிற லொறி தேயிலையோடு கொழும்புக்குப் போய்விட்டது. தொரையும் ஊரில் இல்லை.

"பெரிய கிளாக்கர் கார எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு நானா. தொர கேட்டா டெஸ்ட் ஓட்டம்னு சொல்லணுமாம்," என்றான் நல்லையா. முஸ்லிம் அண்ணன்களுக்கு அங்கே 'நானா'தான்.

பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"தொர சீட்டு... மெத்துன்னு இருக்கு. கார்தான்... நம்ம லயத்து ஆளு மாதிரி... நகர மாட்டேங்குது."

"பேசாம படு புள்ள," என்றான் நல்லையா. பிறகு ஷுக்ரியிடம், "புது எஞ்சின்னு சொன்னீங்களே நானா. எந்த வருசத்துப் புதுசு?"

ஷுக்ரி ஸ்பேனரை எடுத்தான்.

மணி 3.50. மூடுபனி கராஜ் வாசல் வரை வந்து நின்றது.

முன்பக்க பிளக்கைக் கழற்றினான். அந்தத் துவாரத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு, நல்லையாவைச் சாவி திருப்பச் சொன்னான். கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று ஊது வர வேண்டும். மூன்றும் சமமாக, விரலைத் தள்ளுகிற வேகத்தில்.

புஸ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

ஒன்றுதான் பலம். மற்ற இரண்டும் வெறும் பெருமூச்சு. பின்பக்கத்திலும் அதே கதை.

துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பச் சொன்னான். மூன்றும் ஏறின. அரை நிமிஷம்தான். திரும்ப விழுந்தன. சந்தேகமே இல்லை. முனைகளில் காற்றை அடைத்து நிற்கும் தகடுகள் ஒட்டவில்லை. ஏன் என்றும் அப்போதே விளங்கியது. தகட்டுக்கு அடியில் ஒரு சின்ன வில், ஸ்பிரிங், இருக்கும். அதன் முதுகு எந்தப் பக்கம் என்று படத்தில் தெளிவாக இல்லை. அவன் ஊகித்துப் போட்டிருந்தான்.

கவிழ்த்துப் போட்டிருந்தான்.

எஞ்சினை இறக்கித் திறந்தால்தான் சரியாகும். இரண்டு நாள் வேலை.

பின்சீட்டில் அவள் மூச்சு கீச்சுக் கீச்சென்று கேட்டது. துவாரத்துப் பெருமூச்சுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தது.

"என்ன நானா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. இன்னொரு தரம் திருப்புங்க."

மணி 4.17. விரலை வைத்தான்.

புஸ். புஸ். புஸ்.

மூன்றும் பலம். மூன்றும் சமம். விரல் தெறித்தது.

"அல்லாவே! வந்துட்டு அண்ணே! இன்னொரு தரம் திருப்புங்க!"

நல்லையா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"நானா... நான் இன்னும் சாவியத் தொடவே இல்லியே."

ஷுக்ரி மெல்ல விரலைத் திரும்ப வைத்தான்.

துவாரம் விரலை உள்ளே இழுத்தது. விட்டது. இழுத்தது.

வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. பெட்ரோல் வாசம் இல்லை. கொத்தமல்லித் தண்ணி வாசம்.

அப்போதுதான் கவனித்தான்.

பின்சீட்டில் சத்தம் இல்லை.

"தூங்கிட்டா," என்றான் நல்லையா.

ஷுக்ரி பிளக்கைப் பூட்டினான். சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் பிடித்தது. மணி 4.35.

நல்லையா ஓட்டினான். ஷுக்ரி பக்கத்தில். பனிக்குள் கார் பட்டுப்போல இறங்கியது. இரண்டாவது வளைவில் அவள் மூச்சு திரும்பவும் கேட்டது. கீச்சு இல்லை. ஆழமாக, சீராக.

"நல்லாயிட்டா நானா," என்றான் நல்லையா.

ஏற்றம் வந்தது. நல்லையா அழுத்தினான். எஞ்சின் வேகம் பிடித்தது.

அவள் மூச்சும் வேகம் பிடித்தது.

இறக்கத்தில் காலை எடுத்தான்.

அவளும் மெதுவானாள்.

ஷுக்ரி திரும்பிப் பார்க்கவில்லை. பசறை டவுனில் ஒரு லொறிக்கு வழிவிட நல்லையா வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் ஒருமுறை தடுமாறியது. பின்சீட்டில் ஒரு விக்கல்... நல்லையா பாய்ந்து அழுத்தினான்.

அதன் பிறகு நல்லையா காலை எடுக்கவே இல்லை.

மணி 6.52. பதுளை ஆஸ்பத்திரி. நல்லையா இறங்கி உள்ளே ஓடினான். வாசலில் நின்ற ஆள் புகையை விசிறிக்கொண்டு கத்தினான்.

"எஞ்சினை நிப்பாட்டு!"

ஷுக்ரி கை நீட்டிச் சாவியைத் திருப்பி உருவினான்.

சத்தம் நின்றது.

இரண்டும்.

நல்லையாவோடு வந்த டாக்டர் பின்கதவைத் திறந்து கம்பளியை விலக்கினார். கையைத் தூக்கிப் பார்த்தார். தாடையைத் தொட்டார். விறைத்திருந்தது.

"ஏன் இவ்வளவு சுணங்கிக் கொண்டு வந்தீங்க?" என்றார். "உயிர் போய் ரெண்டரை மணித்தியாலமாவது இருக்கும்."

நல்லையா அழவில்லை. டாக்டரைப் பார்க்கவும் இல்லை. ஷுக்ரியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தான்.

"பசற தாண்டுறப்பவே எனக்குத் தெரியும் நானா," என்றான். "ஏன் நிப்பாட்டுனீங்க?"