கேம்ப் ஃபயருக்குப் போக இருந்த மரமும் ஒரு கேரட்டும்

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் எனக்குப் பழங்கால உயிர்களின் மேல் பைத்தியம். ஞாயிறு மாலைகளில் எங்கள் தொல்லுயிர்க் குழு இணையத்தில் கூடும். வடக்கே ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மீனாட்சி மேடம் பாடம் நடத்துவார், நாங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து இன்னதென்று சொல்வார். டைனோசர் முட்டை என்று நான் அனுப்பியது வெறும் கூழாங்கல் என்று தெரிந்ததிலிருந்து குழுவில் என் பெயர் முட்டைக்கடைக்காரர்.

போன கார்த்திகையில், கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மன்னவனூரிலிருந்து யோகராணி குழுவில் ஒரு படம் போட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. கேரட் தோட்டத்தில் தினக்கூலி வேலை. சதுப்போரம் குட்டை வெட்டும்போது கருஞ்சேற்றில் கிடைத்த மரத்துண்டு அது. அளவு தெரிய அருகில் நாணயம் வைக்கச் சொல்வது எங்கள் பாடம். சில்லறை இல்லை போல, கேரட்டை வைத்திருந்தார். குழுவே சிரித்தது. மேடம் மட்டும் கேரட் எத்தனை அங்குலம் என்று கேட்டார். சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் மரம் கல்லாகாமலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்குமாம். காய்ந்தால் வெடித்துவிடும், பிறகு அதை வைத்து ஆராய முடியாதாம்.

ஆனால் தோட்டக்காரர் ராஜாங்கம், தன் கூடாரங்களில் தங்கவரும் சனிக்கிழமை விருந்தினர்களின் கேம்ப் ஃபயருக்கு அதை ஒதுக்கிவிட்டார். ஆய்வகத்து ஆட்கள் வர ஒரு வாரமாகும். குழுவில் பக்கத்து ஊர்க்காரன் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினேன். கொடைக்கானல் 64 கி.மீ., மூன்று மணி நேரம், எண்பது ரூபாய். அங்கிருந்து பதினோரு மணிப் பேருந்தில் மன்னவனூர் இன்னும் 35 கி.மீ. பூம்பாறைப் பூண்டு மூட்டை ஒன்று என் கால் மேலேயே பயணம் செய்தது.

யோகராணி கேரட் கழுவும் தொட்டிக்குள் மரத்தை முக்கி வைத்திருந்தார். தொட்டியை அடைத்ததில் ராஜாங்கத்துக்குக் கோபம்.

"நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொல்லிருவாரோன்னுதான் பயம் அண்ணே. ஆனா காயவே விடல்ல" என்றார்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ராஜாங்கத்தை அழைத்துப்போய் மேடத்திடம் பேச வைத்தேன்.

"விறகு எங்கிட்ட நெறையக் கெடக்கு, அதுக்கில்லம்மா. இத வச்சு என்ன கண்டுபிடிப்பீங்க?"

அந்தக் காலத்தில் அங்கே காடு இருந்ததா, புல்வெளியா, மழை எப்படி என்றெல்லாம் மேடம் விளக்கினார். ராஜாங்கத்தின் கவலை வேறு. கோடையில் சதுப்பு ஊற்று வற்றித் தண்ணீர் இல்லாமல்தானே குட்டையே வெட்டுகிறார்.

"இந்த ஊத்து முன்ன எப்பவாச்சும் வத்திருக்கான்னு தெரியுமா?"

"தெரிய வாய்ப்பிருக்குங்க. உறுதியா இப்பச் சொல்ல முடியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னது ராஜாங்கத்துக்குப் பிடித்துவிட்டது. தானே ரம்பம் எடுத்து ஒரு சாண் துண்டு அறுத்துத் தந்தார். மேடம் சொன்னபடி மீதியைச் சேற்றிலேயே புதைத்தோம். தொட்டி காலியானதும் யோகராணி முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் உயிர் வந்தது.

துண்டை ஈரத்துணியில் சுற்றி, கடையிலிருந்து கொண்டுபோன பஞ்சாமிர்த டப்பாவில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். "பழனிக்கே பஞ்சாமிர்தமா?" என்று நடத்துனர் கேட்டார். மூடியைத் திறந்து, சேற்றுவாடை அடிக்கும் துணியைக் காட்டினேன். அப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை. அடுத்த வாரம் வந்த ஆய்வகத்து ஆட்களிடம் டப்பாவோடு ஒப்படைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், பேருந்துக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. நான் தூக்குச் சட்டி கொண்டுபோனேன். மன்னவனூரிலிருந்து கடைசிப் பேருந்து எப்போது என்று போகும்போதே கேட்டு வையுங்கள். காட்டில் எதைக் கண்டாலும் படம் மட்டும் எடுங்கள். தோட்டமென்றால் உரியவரைக் கேளுங்கள். அளவுக்கு எதை வைத்தாலும் சரி.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு வகுப்பில் அந்த மரத்தின் நுண்ணோக்கிப் படம் வந்தது, சல்லடை போலத் துளைதுளையாக. நாவல் இனத்துச் சோலைக்காட்டு மரம் என்றார் மேடம். வயது இன்னொரு சோதனைக்குப் பிறகுதான் தெரியும். ஊற்றைப் பற்றிய கேள்வியையும் மறக்கவில்லை என்றார். படத்தின் ஓரத்தில் அளவுக்கோட்டுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு கேரட் வரைந்திருந்தார். கீழே 'கண்டெடுத்தவர்: யோகராணி, மன்னவனூர்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மேட்டில் ராஜாங்கமும் யோகராணியும் ஒரே போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகராணிதான் பேசினார்.

"நான் தெனம் களையெடுக்கிற எடத்துல காடு நின்னிருக்கு மேடம். இனிமே பாத்துத்தான் மிதிக்கணும்."