தம்பிதுரை தின்னாத பஜ்ஜி

புவனாவுக்கு அன்றைய முதல் அதிர்ச்சி விடிந்ததும் விடியாததுமாக உழவர் சந்தையிலேயே கிடைத்துவிட்டது. இத்தனை பேர் பார்க்க, ஒரு பெரிய ஹோட்டலின் செஃப் பச்சைக் கத்தரிக்காயைக் கடித்துத் தின்றார். கழுவக்கூட இல்லை. சட்டையில் ஒரு தேய்ப்பு, நேராக வாய்க்குள். காய் விற்ற அம்மாவே தராசைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தது. துபாய் வரைக்கும் போய் வந்த மனுசனுக்கு இதுகூடத் தெரியாதா என்று புவனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செஃப்பின் பெயர் சாய்சரண். பீளமேட்டு நாயுடு வீட்டுப் பிள்ளை. கப்பலிலும் துபாயிலும் சமைத்துவிட்டு ஊர் திரும்பி, அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பேரைச் சந்தைக்குக் கூட்டிவந்து காய் வாங்க வைப்பார். பிறகு ஹோட்டல் அடுப்பிலேயே அவர்களைச் சமைக்க வைத்து, மத்தியானம் வீட்டு ஆட்களை வரவழைத்துப் பந்தி போடுவார். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் மருமகள் லோகப்பிரியாவுக்கு ஆபீஸ் குலுக்கலில் இரண்டு இடம் விழுந்திருந்தது. மருமகள் மாமியாரைக் கூப்பிட்டதே பெரிய விசயம். மாமியார் சரியென்றது அதைவிடப் பெரிய விசயம். சமையலில் புவனாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். நான் சொல்லவில்லை, புவனாவே சொல்வது.

ஆனாலும் வந்தாள். வராமல் இருக்கிற நிலைமை இல்லை. போன மாதம் கணவர் தம்பிதுரை தன் லேத் பட்டறையில் நின்றது நின்றபடி மயங்கி விழுந்தார். மிஷின் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கம் சாய்ந்ததால் தலை தப்பியது. இரத்தக் கொதிப்பு. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. இன்னொரு தரம் விழுந்தால் எழுப்புவது கஷ்டம், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் கடுமையாகச் சொன்னார். வீட்டில் நான் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறேன் என்று புவனா அடித்துப் பேசினாள். அப்படியென்றால் வெளியே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். தம்பிதுரை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் தினமும் பஜ்ஜி தின்பேன் என்றார்.

அடுத்த நாளே புவனா அந்த டீக்கடைக்குப் போய் நின்று, கடைக்காரரை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டாள். அந்த மனிதர் கரண்டியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிங்கக்கா, இனிமேல் அண்ணனுக்குக் குடுக்கமாட்டேன் என்று பணிவாகச் சொன்னார். பஜ்ஜி நின்றது. கொதிப்பு நிற்கவில்லை. இந்த ஆள் திருட்டுத்தனமாக வேறெங்கோ தின்கிறார் என்று வீட்டில் தினமும் ஏச்சு நடந்தது. உப்பை இன்னும் குறைத்தால் வாயில் வைக்க முடியாதே, அதற்கு ஏதாவது வழி உண்டா என்று செஃப்பிடம் கேட்கத்தான் அவள் வந்தாள்.

சந்தையிலேயே கேட்டாள். செஃப் சிரித்துக்கொண்டு, "மொதல்ல உங்க கொழம்பத் தின்னு பாத்துப்போட்டுச் சொல்றனுங்க்கா" என்றார். அத்தோடு நிற்கவில்லை. பச்சை மிளகாயைக் கிள்ளி நாக்கில் வைத்தார், கொத்தமல்லித் தண்டை மென்றார், பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்தார். அந்தக் கடைசிக் காரியம்தான் புவனாவுக்குப் பொறுக்கவில்லை. பேரம் பேசாத ஆளுக்குச் சமையல் எங்கிருந்து வரும் என்று மருமகளிடம் முணுமுணுத்தாள். லோகப்பிரியா கட்டைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மருமகளாக வந்த நாள் முதலாக அவள் மாமியார் பேச்சுக்குக் கொடுத்துவரும் பதில் அதுதான்.

ஹோட்டல் சமையல்கட்டில் எங்கு பார்த்தாலும் ஸ்டீல். ஆளுக்கொரு அடுப்பு. புவனா தட்டப்பயிறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். அவள் வீட்டு விருந்தில் வருசக்கணக்காகப் பெயர் வாங்கிய குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிய யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. கொதி வந்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் சப்பென்று இருந்தது. இன்னொரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்கினாள்.

செஃப் கோட்டுப் பையில் ஒரு கைப்பிடி ஸ்பூனோடு ஒவ்வோர் அடுப்பாக வந்தார். புவனாவின் சட்டியில் ஒன்றை விட்டு வாயில் வைத்தார். அப்புறம் நேராகத் தொட்டிப் பக்கம் போய்த் துப்பினார். வாயையும் கொப்பளித்தார்.

புவனாவுக்குக் காது அடைத்துப்போனது. அவள் கைச் சாப்பாட்டை இதுவரை ஒருத்தர் துப்பியதில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கோபத்தில் அவளுக்கு மூக்கு விடைத்தது. செஃப் திரும்பி வந்து மரியாதையாகவே கேட்டார்.

"அக்கா, நீங்க இத ருசி பாத்தீங்களா?"

"பாத்துத்தானுங்க எறக்குனேன். பதமாத்தானே இருக்குது."

அவர் பக்கத்து அடுப்பின் ரசத்தை ஒரு ஸ்பூன் கொடுத்தார். வெறும் வெந்நீர், உப்பே போடவில்லை என்று புவனா சொன்னாள். அந்த ரசத்தை வைத்த பெண்ணோ, கல் உப்பு ஒரு கை போட்டிருப்பதாகச் சத்தியம் பண்ணினாள். அடுத்த அடுப்பு, அதற்கடுத்த அடுப்பு, எல்லாமே புவனாவின் நாக்குக்குச் சப்பென்றுதான் இருந்தன. இந்த இரண்டு மூன்று வருசமாகப் போன கல்யாணப் பந்தியெல்லாம் உப்பு உறைப்பு இல்லாமல்தான் இருந்தது என்று அவள் வாதாடிக்கொண்டே வந்தாள். பேசப் பேச அவள் குரல் தானாக இறங்கியது.

செஃப் லோகப்பிரியாவிடம் ஒரு ஸ்பூனை நீட்டி, அத்தை குழம்பைத் தின்றுவிட்டு உள்ளதைச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் ஸ்பூனை வாங்கவேயில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"திங்காமயே தெரியுமுங்க. நான் வந்ததுலருந்தே இப்படித்தான் இருக்குதுங்க."

வாய் கிடைத்துவிட்டதால் மீதியும் வந்தது. சூட்டு உடம்பு என்று சொல்லி அவள் தினமும் தயிர்ச்சோறு தின்றது அதனால்தான். ஆபீசிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று புவனாவின் மகன் கவின் இரவில் படுத்துக்கொள்வதும் அதனால்தான். மாமா ஒருத்தர்தான் பேசாமல் தட்டு நிறையத் தின்கிறார் என்று சொல்லிவிட்டு லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கு இப்படி மங்கிப்போவது உண்டு, டாக்டரிடம் காட்டினால் காரணம் தெரியும், இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று செஃப் என்னென்னவோ சொன்னார். புவனாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களை என்ன செய்வது சொல்லுங்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சமைத்தவளைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. வேகாத கல்லை வைத்தாலும் நல்லாருக்குதுங்க, வயிறுதான் நிறைந்துபோச்சு என்று எழுந்திருப்பார்கள். இத்தனை விருந்தாளி, இத்தனை பங்காளி, ஒருத்தர் சொல்லவில்லையே. இப்போது பார்த்தால் பஜ்ஜியே பொய்யாகத்தான் இருக்கும், கொடுக்காத பஜ்ஜிக்கு அந்த டீக்கடைக்காரர்கூட மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றாரே. மரியாதை மரியாதையென்று ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள், படுபாவிகள். மனதுக்குள் இப்படியெல்லாம் திட்டிக்கொண்டிருந்த புவனாவுக்கு, தினமும் அவருக்குச் சோறு போட்டது யார் என்ற நினைப்பு வந்ததும் திட்டு பாதியில் நின்றது.

மத்தியானம் தம்பிதுரை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் வரிசையாக இருந்த பாத்திரங்களில் தன் வீட்டுக் குழம்பு எது என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தடுப்பதற்குள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தும் விட்டார். வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் குழம்பு எப்படி என்று செஃப்பிடம் பெருமையாகக் கேட்டார். செஃப் புவனாவைப் பார்த்தார். புவனா எழுந்துபோய்க் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கரிக்குதுங்களா இல்லீங்களா?"

தம்பிதுரை மருமகளின் சிவந்த கண்ணைப் பார்த்தார். விசயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. கொஞ்சம் என்றார். பஜ்ஜி என்னாயிற்று என்று அவள் கேட்டாள்.

"எனக்கு எண்ணெப் பலகாரம் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமல்லோ அம்மணி."

தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து தெரியும். தீபாவளிக்குக்கூட ஒரு முறுக்குக்கு மேல் தொடமாட்டார். இது டாக்டர் ரூமில் ஏன் ஞாபகம் வரவில்லை, டீக்கடை வாசலில் நின்று கத்தியபோது ஏன் வரவில்லை என்று நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"சொன்னேன். கவின் கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா. சட்டியோட எடுத்துட்டுப்போயிச் சாக்கடைல ஊத்திப்போட்டு, பொங்கல் வரைக்கும் எங்கூட நீ பேசலை."

அதையும் அவள் மறந்திருக்கவில்லை. ஒரே ஒரு நாள் உன் மாமா என் சமையலைக் குறை சொன்னார், அப்புறம் அவர் பட்ட பாடு இருக்கிறதே என்று மருமகள் வந்த முதல் வாரத்திலேயே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் காட்டியிருந்தாள். லோகப்பிரியாவும் கூடவே சிரித்தாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டது அப்போதிலிருந்துதான் என்று புவனாவுக்கு இப்போது தெரிந்தது.

பந்தியில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். புவனா இன்னும் அவர் கையை விடவில்லை.

"ஏனுங்க, உசுரு போனாலும் பரவால்லீன்னு இருக்கற அளவுக்கா எம்மேல பயம்?"

அப்படியெல்லாம் இல்லை அம்மணி என்று சொல்வார் என்று காத்திருந்தாள். யார் மனமும் நோக ஒரு சொல் சொல்லத் தெரியாத மனிதர். தம்பிதுரை பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றார்.